கதவோரம் இருந்த பெட்டி

என் கணவருக்கு வெட்கம் கிடையாது. இதை நான் கோபத்திலும் சொல்லியிருக்கிறேன், மற்ற பெண்கள் முந்திக்கொள்வதற்குள் சிரித்துக்கொண்டே வேடிக்கையாகவும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வெட்கப்படுகிற வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. அவருடைய பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

எங்களுக்கு ஷார்ஜாவில், முவைலாவில் வீடு. நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவர் ஏசி டெக்னீஷியன். இருவரும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். கல்யாணமான புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். லீவுக்குப் போகும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு சென்ட் அடித்துக்கொண்டுதான் விமானத்தை விட்டு இறங்குவார். அந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்தபோது அவரை ஒரு கட்டடத்தின் மாடி அறையில் தனியாக அடைத்து வைத்தார்கள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு ஜன்னல். நான் இங்கே அழுதுகொண்டிருந்தேன். அவரோ அங்கே நன்றாகத் தூங்கியிருக்கிறார். திரும்பி வந்த அன்று செருப்பைக் கழற்றாமல் ஹாலின் நடுவில் நின்று, வழி தவறிக் கடைக்குள் வந்துவிட்டவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்க சாமான்?" என்று கேட்டார்.

"நமக்க சாமான்தான்" என்றேன்.

"இவ்வளவுமா?"

அன்று தொடங்கியது. முதலில் சோபா போனது. பிறகு மைக்ரோவேவ், கண்ணாடி மேசை, யாரும் தொடாத டின்னர் செட். ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தொழிலாளர் கேம்ப் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டிலையும் தூக்கப் பார்த்தார். அதில் கை வைத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று நான் சொன்னதும், தனக்கு மட்டும் ஒரு பாயை வாங்கி ஹாலில் விரித்துக்கொண்டார். சட்டை இரண்டு. காலில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்போடுதான் ஜுமேரா பக்கத்து ஹோட்டலில் நடந்த ஒரு ஞானஸ்நான விருந்துக்கும் வந்தார். அங்கே நாற்காலி போதவில்லை என்று எல்லோரும் தட்டைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருக்க, இவர் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

என் டூட்டி முடிகிற நேரத்துக்குக் கிளினிக் வாசலுக்கு வருவார். காரில் இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார். ரோட்டோரக் கட்டையில், துப்புரவுப் பணியாளர்கள் நடுவில் உட்கார்ந்து, பேப்பரில் சுற்றிய குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து அவர்களோடு தின்றுகொண்டிருப்பார். எங்கள் மலையாளி இன்சார்ஜ் சேச்சி ஒருநாள் என்னிடம், "அது நின்டெ ஹஸ்பெண்ட் அல்லே?" என்று கேட்டார். "ஆமாம் சேச்சி, ஏசி வேலை செய்யலை, அதுதான் வெளியே இருக்கார்" என்றேன். ஏசி டெக்னீஷியன் காரில் ஏசி வேலை செய்யவில்லை! சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சேச்சி நல்லவர், ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பு. வீட்டிலும் பாதி ஆங்கிலம்தான். ஒருநாள் சாப்பிடும்போது அவள், "அப்பா, உங்கள மாதிரியே ஒருத்தர் எங்க புக்ல இருக்கார். சீரியஸ்லி" என்றாள். பழைய கிரேக்க நாட்டில் ஒரு ஞானியாம். வீடு கிடையாது, பெரிய மண்ஜாடி ஒன்றுக்குள் குடியிருந்தாராம். தண்ணீர் குடிக்க ஒரு கிண்ணம் மட்டும் வைத்திருந்தாராம். ஒரு சிறுபிள்ளை கையைக் குவித்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, இது இத்தனை நாளாகத் தெரியவில்லையே என்று அந்தக் கிண்ணத்தையும் தூக்கி எறிந்தாராம். ஊரார் எதற்கெல்லாம் வெட்கப்படுவார்களோ அதையெல்லாம் நடுத்தெருவில் செய்வாராம். பெரிய ராஜா ஒருவரே தேடி வந்து, என்ன வேண்டும் கேள் என்றதற்கு, வெயிலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில் என்றாராம்.

என் கணவர் சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார். "அது குளிருள்ள நாடு மக்ளே. அவன் ஷார்ஜாவுல இருந்திருந்தா, ராசாவே கொஞ்ச நேரம் அங்கினயே நில்லும், நல்ல நெழலா இருக்குன்னு சொல்லியிருப்பான்."

மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். மனதுக்குள், அந்த ஞானிக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா எனக் கேட்கத் தோன்றியது. இருந்திருந்தால் அவளுக்கும் இன்சார்ஜ் சேச்சி ஒருத்தி இருந்திருப்பாள்.

இந்த நிலையில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு லீவு என்றால் முதலில் பெட்டி. டிக்கெட் அப்புறம்தான். பலசரக்குக் கடையில் சொல்லி வைத்து, நல்ல தடியான அட்டைப் பெட்டியாக வாங்கி, அதில் கம்பளி, சென்ட், சாக்லேட், பாதாம், பால்பொடி, தைலம், சோப்பு என்று அடுக்கி, டேப் ஒட்டி, கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து, கயிறு கட்டி, கடைசியாக மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுத வேண்டும். ஊரில் அந்தப் பெட்டியை உடைக்கும்போது சொந்தபந்தம் முழுவதும் சுற்றி நிற்கும். யார் கைக்கு என்ன வருகிறது என்பதை வைத்து நம்மைப் பற்றிய பேச்சு அடுத்த லீவு வரைக்கும் ஓடும். போன தடவை இவர் சொன்னாரே என்று பேருக்குச் சிலதை மட்டும் கொண்டுபோனோம். என் பெரியம்மா ஒரு சோப்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டும் இவ்வளவு கஷ்டமா மோளே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இரண்டு வருஷமாக என் காதில் கிடந்தது.

இந்த முறை பெண் வீட்டாரும் இருப்பார்கள். அதனால் நான் விடுவதாக இல்லை.

"நாம வாறோம்லா? அது போதாதா அவியளுக்கு?" என்றார் அவர்.

"போதாது" என்றேன். எனக்கே போதாது. அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

ஒரு மாதம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். மணமக்களுக்கு ரோஜாப்பூப் போட்ட கனத்த கம்பளி, தம்பிக்கு வாட்ச், பெண்ணின் அம்மாவுக்கு உயர்ந்த சென்ட், பிள்ளைகளுக்குத் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட். எல்லாவற்றையும் அடுக்கி டேப் ஒட்டினேன். கயிறு கட்டவில்லை, பெயரும் எழுதவில்லை. அதெல்லாம் எடை பார்த்த பிறகு செய்ய வேண்டியவை.

அதே கடையில் வாங்கிய அதே மாதிரி இன்னொரு பெட்டியும் வீட்டில் இருந்தது. அது அவருடையது. அவரோடு வேலை செய்கிற ஹெல்பர் ஒருவரை கம்பெனி விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புகிறது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர், சஜாவில் கேம்ப். அவருக்குக் கொடுக்க என்று எங்கள் பழைய துணி, பழைய பாத்திரம், மகளுக்குச் சிறிதாகிவிட்ட கவுன்கள் என்று அதில் போட்டு டேப் ஒட்டிக் கதவுப் பக்கத்தில் வைத்திருந்தார். டூட்டிக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்குமாம்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் தேவாலயப் பங்குத் தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிக்கிற கூட்டம். ஜெபம் கொஞ்சம், சாப்பாடு நிறைய, வீட்டை நோட்டம் விடுவது அதைவிட நிறைய. சோபா இல்லாத ஹாலுக்குக் காரணமாக, பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை என்ன சொல்வது என்று யோசித்தபடி வீட்டைப் பெருக்கும்போது கதவோரம் அந்தப் பழந்துணிப் பெட்டி கண்ணில் பட்டது. டேப்பைத் தாண்டிக்கொண்டு ஒரு பழைய நைட்டியின் ஓரம் வெளியே தெரிந்தது.

அதைத் தூக்கி பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளினேன். கதவோரம் வெறுமையாகிவிட்டது. என் பெட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே பார்க்கட்டும், ஊருக்குப் பெட்டி தயாராகிவிட்டது, பெயிண்ட் அடிக்கிற வீட்டில் காசுக்கு ஒன்றும் குறைவில்லை என்று தெரியட்டும் என்று வைத்தேன். பார்த்தார்கள். "கல்யாணப் பெட்டியா?" என்று நான்கு பேர் கேட்டார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. பப்ஸும் கேக்கும் பரிமாறும்போது என் கணவர் நடுவில் வந்து, "இம்புட்டையும் தின்னுட்டு ஜெபம் பண்ணுனா ஒறக்கம் வராதா?" என்று கூட்டத் தலைவரிடமே கேட்டார். அதைக்கூட அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் போனபின் களைத்துப்போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையிலேயே அவர் டூட்டிக்குப் போனார். கதவோரம் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் எந்தப் பெட்டியையும் உற்றுப் பார்க்கிற ஆள் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தபோது கதவோரம் என் பெட்டி இல்லை. பால்கனியில் பழந்துணி பத்திரமாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் கணவர் பால்கனிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குடுத்தாச்சு பிள்ளே. போனது போட்டு. நாம சும்மா போவோம்."

"எனக்க தம்பி கல்யாணத்துக்கா? கையை வீசிட்டா? நீங்க போய்க் கேக்கலைன்னா நான் போய்க் கேப்பேன்."

"என்னால கேக்க ஒக்காது."

"அப்போ என்னைக் கொண்டு விடுங்க."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. லீவு. மதியத்துக்கு முன்னால் போனோம். வெயில் நெருப்பாகக் கொட்டியது. கேம்ப் வாசலில் கொடியில் துணிகள் அட்டை போல விறைத்துத் தொங்கின. பெட்டி மாறிவிட்டது என்று மட்டும் என் கணவர் முந்தின இரவே போனில் சொல்லியிருந்தார். இப்போது உள்ளே போய் நாங்கள் வந்ததைச் சொல்லிவிட்டு வந்து, ரோட்டோரக் கட்டையில் வழக்கம்போல உட்காராமல், காருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஊருக்குப் போகிற ஹெல்பரும் ரூம்காரர்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெண்கள் உள்ளே வரக்கூடாத இடம் என்பதால் வாசலிலேயே வைத்தார்கள். கட்டடத்தின் ஓரமாக நிழல் ஒரு முழ அகலத்துக்குத்தான் விழுந்திருந்தது.

"அக்கா, நீங்க இங்கன நில்லுங்க. வெயிலு மண்டையப் பொளக்கும்" என்று அதை எனக்குக் காட்டிவிட்டு அவர்கள் வெயிலில் நின்றார்கள்.

பெட்டிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் கட்டியிருந்தால் கூட அவ்வளவு அழகாகக் கட்டியிருக்க மாட்டேன். மேலே மார்க்கர் பேனாவால் அவர் பெயரும், அவர் ஊரும், திருவனந்தபுரம் என்றும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. கீழே அவர் பெயரை மட்டும் தமிழிலும் எழுதி, அதைச் சுற்றி யாரோ ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி பழைய துணின்னுதான் சொன்னாவ" என்றார் அவர். "பிரிச்சுப் பாத்தா எல்லாம் புதுசா இருந்திச்சி. சும்மா அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்காவ போலன்னு நெனச்சிட்டோம். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"சாக்லேட்டு மட்டும் ஒரு பாக்கெட்டு பிரிச்சிட்டோம்க்கா" என்றார் ரூம்காரர்களில் ஒருவர். "ரூம்ல ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். அதுக்குப் பதிலா கடையில வாங்கி வச்சிருக்கோம். அதே சாக்லேட்டு கெடைக்கல."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"உள்ள வச்சாச்சு."

நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது பெரியம்மாவும் சோப்பும்தான். நான் சொன்னது இதுதான்: "தம்பி கல்யாணம். அதுதான். இல்லன்னா கேக்க மாட்டேன்." அவர்கள் மூவரும், அதுதான் நியாயம் என்பது போல வேகமாகத் தலையாட்டினார்கள். "கல்யாண வீட்டுச் சாமான்லா, அதுல நாங்க கை வைக்கலாமா" என்றார் அவர். எனக்காக என் பக்கம் பேசினார். பெட்டியை அவரே தூக்கி டிக்கியில் வைத்தார். பழந்துணிப் பெட்டியை நான் கொண்டுவந்திருந்தேன். அதை இறக்கிக் கொடுத்தேன். நைட்டியின் ஓரத்தை உள்ளே தள்ளி, புது டேப் ஒட்டித்தான் கொண்டுபோயிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது அவராகத்தான் தொடங்கினார்.

"நான் அவன்கிட்ட நெறைய அளந்திருக்கேன். பெட்டி எதுக்குடா, கையை வீசிட்டு ராசா மாதிரி போன்னு. அவனும் சிரிச்சுட்டே கேட்டுக்கிட்டு இருப்பான்." சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். "பிள்ளைக்க புத்தகத்துல வாற ஆளு கிண்ணத்தைத் தூக்கிப் போட்டான்னா, அவன் கையில ஒரு கிண்ணம் இருந்திச்சு. இவனுக்கு என்ன இருக்கு?"

சாமான் பத்திரமாக வந்துவிட்டதே என்று மனதுக்குள் ஒரு மூலையில் நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அந்த ஹெல்பரின் பெயர் மேல் பழுப்பு டேப்பை இரண்டு வரிசை ஒட்டினேன். அதன் மேல் என் பெயரை எழுதினேன். டேப்பில் மார்க்கர் சரியாகப் பிடிக்கவில்லை, தொட்டால் கையில் வந்தது. மனசு கேட்காமல் பிறகு இன்னும் சில சாமான் வாங்கித் திணித்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எடையையும் மறுபடி பார்க்கவில்லை.

அந்த ஹெல்பரும் எங்கள் விமானத்தில்தான் வந்தார். ஷார்ஜா விமான நிலையத்தில் எங்களுக்கு இரண்டு ஆள் பின்னால் வரிசையில் நின்றார். கையில் ஒரு சிறிய பை. பழந்துணிப் பெட்டியைக் காணவில்லை. என் கணவர் கேட்டதற்கு, "அத ரூம்லயே குடுத்துட்டேன் அண்ணாச்சி. அவனுவளுக்கும் துணி இல்ல. பிள்ளைக்கு ரெண்டு கவுன் மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்று பையைத் தட்டிக் காட்டினார்.

எங்கள் மூட்டை எல்லாவற்றையும் ஏற்றியதும் கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை ஆட்டினாள். எடை கூடுதல். ஒன்று பணம் கட்ட வேண்டும், அல்லது பிரித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் தரையில் பெட்டியைப் பிரித்துப்போட்டு பால்பொடி டின்களை அள்ளிக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அந்தத் தரையில் நானும் உட்கார வேண்டுமா என்று அவரைப் பார்த்தேன்.

"பணத்தைக் கட்டிருவோம்" என்றார் என் கணவர்.

அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, எனக்கு லக்கேஜே இல்ல. கிலோ அப்பிடியே கெடக்கு. இந்தப் பெட்டிய என் பேர்ல போட்டுருங்க."

இது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கிலோ மிச்சம் இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பார், முகம் தெரியாதவரிடம் கூடக் கேட்போம். அதில் கேவலம் ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம்" என்று என் கணவர் சொல்லச் சொல்ல, அவர் கயிற்றைப் பிடித்துத் தூக்கித் தன் பக்கத்து பெல்ட்டில் வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. அவர் பெயர் அச்சடித்த சீட்டைப் பெட்டியில் சுற்றி ஒட்டினார்கள். பெட்டி உள்ளே போனது.

திருவனந்தபுரத்தில் லக்கேஜ் வருவதற்கு நேரமானது. அவருடைய பெட்டி என்பதால் அவர்தான் நின்று எடுத்தார். ட்ராலி கிடைக்கவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டம். அவர் மனைவி ஒரு பச்சைப் புடவையில் முன்வரிசையில் நின்றாள். பக்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை.

அவள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற யாரிடமோ திரும்பி ஏதோ சொன்னாள்.

அவர் பெட்டியைக் கீழே இறக்கினார். கயிறு உரசியதிலோ, எறிந்து எறிந்து ஏற்றியதிலோ என் டேப் ஒரு பக்கம் உரிந்து நாக்கு போலத் தொங்கியது. குழந்தை அப்பாவிடம் வரக் கூச்சப்பட்டுப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளை போலிருக்கிறது. கட்டம் போட்டிருந்த தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தது. அவர் பெயர் முழுவதையும் வாசித்துவிட்டது.

"அப்பா, ஒங்க பேரு!"

அவர் குனிந்து, தொங்கிய டேப்பை எடுத்து அந்த எழுத்தின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"சும்மா எழுதிப் பாத்தோம் கண்ணு. இது அத்தையோட பெட்டி."

அந்த அத்தை நான்தான். என் வாய்வரைக்கும் வந்தது. "இல்லை, உங்களுடையதுதான், எடுத்துக்கொண்டு போங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதற்குள் என் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதுதானா பெட்டி? யம்மா, என்ன கனம்!" என்று சிரித்துக்கொண்டே தூக்கித் தோளில் வைத்துக் காருக்கு நடந்துவிட்டான். அவன் பின்னால் நானும் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் தன் கணவர் கையிலிருந்த சிறிய பையை வாங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நான் இதுவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பெட்டி உடைத்தோம். பெண் வீட்டார் உட்பட எல்லோரும் சுற்றி நின்றார்கள். கம்பளியை ஒவ்வொருவரும் தடவிப் பார்த்தார்கள். பெரியம்மா சென்டை மணிக்கட்டில் தேய்த்து மோந்துவிட்டு, "எங்க பிள்ளைக்குத்தான் மனசு. பாரேன்" என்றாள். அம்மா சாக்லேட் பங்கு வைக்கும்போது ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, இது மட்டும் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"அது ஒருத்தங்க குடுத்தது" என்றேன்.

"மாப்பிள்ளை என்ன கொண்டு வந்தீய?" என்று யாரோ என் கணவரைக் கேலியாகக் கேட்டார்கள். வழக்கமாக அவர், "நான் வந்தேம்லா" என்பார். அன்று எழுந்து கடல் பக்கமாகப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பெட்டி காலியானதும், நல்ல தடியான அட்டை, எதற்காவது ஆகும், எடுத்து வை என்றாள் அம்மா. மடித்து எடுத்தேன். டேப் முழுவதும் உரிந்து என் பெயர் அதோடு போய்விட்டிருந்தது. கட்டம் போட்ட அந்தப் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஸ்டோர் ரூமில் கொண்டுபோய், எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி அதைத் திருப்பிச் சாத்திவிட்டு வந்தேன்.